லயத்து மேல்விலாசம்

பிரஜா உரிமைக்கு மனுப் போட்டவன் அதன் முடிவு தெரியும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. வயிற்றுப்பாடோ அவனை ஓரிடத்தில் இருக்க விடுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் தலைமுறைகளை இழந்த ஒரு ஜன சமூகத்தின் வரலாறு, நடுவட்டத்திலிருந்து.

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், பைக்காராவைக் கடந்து, கற்பூர மரங்களின் வாசனை ஈரக்காற்றோடு கலந்து வரும் வளைவுகள் சிலவற்றைத் தாண்டியதும், மலையின் மேற்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் நடுவட்டம் தென்படுகிறது. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதுகிற ஊர் இது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் எதிர்வரிசை வீட்டுக் கதவு தெரியாதபடி மூடுபனி இறங்கி நிற்கும். அப்படியொரு மாலையில், தேயிலைத் தோட்டத்து லயம் என்னும் வரிசை வீடு ஒன்றின் முன்னறையில், அடுப்பின் கணப்பை நோக்கிக் கால்களை நீட்டி அமர்ந்திருந்த, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், பேரனைக் கொண்டு பரணிலிருந்து எடுத்து வரச் செய்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக என் முன் பரப்பினார்.

தாயகம் திரும்பியோர்க்குத் தரப்பட்ட, மடிப்புகளில் நைந்துபோன குடும்ப அட்டை ஒன்று. தாய் தகப்பன் மக்கள் எல்லோரும் ஒரே படத்தில் நெருங்கி நிற்கும் புகைப்படம் ஒட்டிய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டு ஒன்று. இவற்றோடு, எந்தச் சர்க்கார் முத்திரைக்கும் குறையாத மரியாதையுடன் பாதுகாக்கப்பட்டிருந்த பழுப்பு நிறத் தபால் உறை ஒன்று. அந்த உறையின் முகப்பில் தட்டச்சில் பொறித்த மேல்விலாசத்தை யாரோ சிவப்பு மையினால் அடித்துவிட்டு, அருகே வேறொரு தோட்டத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். அதையும் அடித்து, நீல மையில் மூன்றாவது தோட்டம் ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருந்தது. உறையின் முதுகில், பிற்காலத்தில் பேரன் பென்சிலால் எழுதி வைத்த நடுவட்டத்து விலாசம்.

“இந்தக் காயிதம் எங்களத் தேடிக்கிட்டு மூணு தோட்டம் அலஞ்சிருக்கு தம்பி. எங்கய்யா கைக்கு வந்து சேந்தப்ப, வரச் சொல்லியிருந்த தேதி போயி ரெண்டு மாசம் ஆயிருச்சு” என்றார் அந்த அம்மையார். அவருடைய குரலில் கோபமில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத் தாமதத்தின் விளைவாகக் குடும்பத்தின் மனு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய், அவர் இலங்கையிலிருந்து நாடு வந்து சேர மேலும் மூன்று வருஷங்கள் ஆயின என்பதையும், அதற்குள் தந்தையார் கண்மூடிவிட்டார் என்பதையும் அவர் சொல்லக் கேட்ட பிறகு, விலாசம் என்பது தபால்காரரின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட சாதாரண விஷயம் என்று எண்ணிக்கொண்டிருந்த என் எண்ணம் மாறிவிட்டது. நாடற்றவனுக்கு விலாசமே உயிர். அது அவன் கையில் இல்லாதபோது, அது மாறியதற்காக அவனைத் தண்டிப்பது தர்மமாகாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

தோட்டமே விலாசம்

இலங்கையின் மலைநாட்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காடு வெட்டிய தமிழர்கள், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து ஆள் திரட்டும் கங்காணிமார்களின் பின்னே சென்றவர்கள். அங்கே அவர்களுக்குத் தெருப் பெயரும் கிடையாது, வீட்டு எண்ணும் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், காம்பரா என்னும் அறையின் எண், இவைதாம் விலாசம். அந்த விலாசத்துக்கு வரும் கடிதமும் நேரே லயத்துக்கு வருவதில்லை. தபால் பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும்; கிளாக்கர் அதைப் பிரிப்பார்; பிறகு கணக்கப்பிள்ளை மூலமாகவோ, காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதோ உரியவனிடம் சேரும். எழுத்தறியாதவனாயின் அதைப் படித்துச் சொல்ல மறுபடியும் ஒருவரைத் தேட வேண்டும். எஜமானனுடைய அறையில், எஜமானனுடைய கதவிலக்கத்தில், எஜமானனுடைய தபால் பையின் வழியாகத்தான் ஒரு தொழிலாளிக்கு உலகத்தோடு தொடர்பு இருந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நிகழ்ந்தவையெல்லாம் விளங்கும்.

தோட்டம் மாறுவது அந்நாளில் எளிதாக இருக்கவில்லை. ஒரு தொழிலாளி எவ்வளவு கடன் பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் அவனை விடுவிக்கலாம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டம் அவனை ஏற்பதில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது. அதன் பின்னரும், வேலையிலிருந்து நீங்கியதற்கு அடையாளமான பற்றுச்சீட்டு, பேச்சு வழக்கில் ‘பத்துச்சீட்டு’, தொழிலாளியின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டேயிருந்தது. துரையோடு பிணங்கியவனுக்கும், சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றே காம்பராவைக் காலி செய்ய வேண்டும். ஆகவே, மலையகத்தில் விலாச மாற்றம் என்பது பெரும்பாலும் மனிதன் விரும்பிச் செய்த காரியம் அன்று; அவன்மீது சுமத்தப்பட்ட தண்டனை.

ஏழு வருஷமும் பத்து வருஷமும்

1948 பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜா உரிமைச் சட்டத்தினால், தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராயினர். அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரஜா உரிமைச் சட்டம் என்னும் 3ஆம் இலக்கச் சட்டம் வந்து, வேண்டுவோர் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துகொள்ளலாம் என்று கூறியது. மனுச் செய்வோர், 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால், மணமானவராயின் 7 வருஷமும் மணமாகாதவராயின் 10 வருஷமும் இடையறாது இலங்கையில் வசித்ததாக ருசுப்படுத்த வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த வசிப்பு அறுந்ததாகக் கருதப்படும்.

தாயாரின் கடைசிக் காலத்தில் பணிவிடை செய்ய ஊர் போய்ச் சற்று அதிகமாகத் தங்கிவிட்ட மகனும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று உடல்நலம் குன்றிப் பல மாதம் கழித்துத் திரும்பிய மனைவியும் இந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கின் முன் தலைகுனிய நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு மேலும், பத்து வருஷத்தில் நான்கு தோட்டம் மாறியவன், நான்கு ஆபீசுகளிலிருந்தும் தான் அங்கே இருந்ததற்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவுப் புஸ்தகத்தின் சாட்சியைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. அவற்றில் ஒரு தோட்டம் கை மாறியிருந்தாலும், ஒரு புஸ்தகம் செல்லரித்திருந்தாலும் அவன் வாழ்ந்த வருஷங்கள் வாழாத வருஷங்களாகிவிடும்.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஆரம்பத்தில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. கடைசி மாதங்களில் மனம் மாறி மக்களை மனுப் போடச் சொன்னது. காலக்கெடு முடிந்த 1951 ஆகஸ்டுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பொருட்டு மனுக்கள் குவிந்தன. அவற்றை விசாரித்து முடிக்கப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. பிரஜா உரிமை கிட்டியதோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். கமிஷனர் ஒரு மனுவை நிராகரிக்கக் கருதினால் காரணங்களைக் காட்டி நோட்டீசு அனுப்புவார். மூன்று மாதத்துக்குள் மனுதாரர் சமாதானம் கூற வேண்டும். மனுவை நிலுவையில் வைத்துக்கொள்ளச் சர்க்காருக்குப் பத்து வருஷம் அவகாசம் உண்டு. மனுச் செய்தவனுக்கோ மூன்றே மாதம். அந்தப் பத்து வருஷத்தில் அவன் தோட்டம் மாறாமலும், லயம் இடியாமலும், பத்துச்சீட்டு வாங்காமலும், கடிதத்தைப் பெற்றுப் படித்துச் சொல்பவர் அருகில் இருக்கும்படியாகவும் வாழ்ந்திருக்க வேண்டும். நோட்டீசு பழைய தோட்டத்துக்குப் போனாலும் மூன்று மாதக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். மௌனம் என்பது சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். இங்கே கடிதமே கிடைக்காதவனுடைய மௌனம் அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

ஒன்பதே முக்கால் லட்சம்

1964 அக்டோபர் 30ஆம் தேதி, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவராக நின்ற 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ள. 1974இல் அந்த எஞ்சியவர்களும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கு பிரிக்கப்பட்டவர்களில் எவரையும் யாரும் கலந்து கேட்டதில்லை.

ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் நிறைவதற்குள், அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாரிலிருந்து வரும் கப்பல் அதன் பிறகு இராமேசுவரத்துக்கு வந்தது. இந்தியாவின் வாசலே இடம் மாறிய காலம் அது. ஆயினும் தோட்டத் தொழிலாளி மட்டும் மனுவில் கண்ட இடத்திலேயே இருக்க வேண்டுமென்று நியதி.

மனுக்கள் 1968 முதல் 1970 வரையில் பெறப்பட்டன. இந்தியப் பிரஜையாக விரும்பியவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தாம். இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். ஒப்பந்தத்தின் கணக்குக்கும் மனிதர்களின் விருப்பத்துக்கும் இருந்த இந்த முரண்பாடே விசாரணைகளை வருஷக்கணக்கில் நீட்டியது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களைக் கண்டியிலிருந்த உதவி ஹைகமிஷன் பதிவு செய்து பாஸ்போர்ட்டு வழங்கியது. அதன் பின்னர் தோட்டத்தில் கணக்குத் தீர்த்து, சேமலாப நிதியைப் பெற்று, ரயிலேறித் தலைமன்னார் போய், ‘இராமானுஜம்’ கப்பலில் கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு வர வேண்டும். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலியாட்களைத் தடுத்து வைத்து நோய் சோதித்த அதே மண்டபம் முகாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் திரும்ப ஏற்கும் இடமாயிற்று.

இந்த நீண்ட காத்திருப்பின் நடுவில் மலையகம் ஓரிடத்தில் நின்றிருந்ததா என்றால் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின, சில துண்டாடப்பட்டன. 1973-74இல் உணவுப் பஞ்சம் லயங்களைச் சூறையாடியது. 1977இல் கலவரம். உயிருக்கும் உணவுக்கும் அஞ்சி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துக் காடுகளில் குடிசை போட்டுக்கொண்டன. அவர்களுடைய மனுக்களோ நுவரெலியா, பதுளை, கண்டிப் பகுதித் தோட்டங்களின் பெயரிலேயே கிடந்தன. காட்டு வெளியில் புதிதாக எழுந்த குடிசைக்கு யார் விலாசம் கொடுப்பார்கள்? விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் எரிந்துபோன லயத்தின் கதவை எப்படித் தட்டும்?

1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதற்குள் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்துவிட்டனர். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கப்பலேற முடியாமல் இலங்கையில் தங்கியவர்கள் சுமார் 84,000 பேர்.

பதிவு சமவெளியில், பிழைப்பு மலையில்

தாயகம் திரும்பியவர்களில் சிலர் வந்து சேர்ந்த நடுவட்டத்துக்கு இவர்கள் முதல் விருந்தினர் அல்லர். 1860-களில் சர்க்கார் இங்கே சிங்கோனாத் தோட்டம் போட்டபோது, மலாய்த் தீபகற்பத்துக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகள் சிலர் இங்கே கொண்டுவரப்பட்டனர். விடுதலைக்குப் பின் அவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து இம்மலைகளிலேயே தங்கிவிட்டதை மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். பிறர் உத்தரவினால் இடம் பெயர்ந்தவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய மண் இது.

1968இல் தமிழக அரசு, தாயகம் திரும்புவோர்க்கு வேலை கொடுக்கும் நோக்கத்துடன், வனத்துறையின் பொறுப்பில் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கியது. 1976 முதல் அத்திட்டம் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, ஜனங்கள் வாயில் ‘டான்டீ’யாக, நடைபெற்று வருகிறது. ஆயினும் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கே அங்கே இடம் கிடைத்தது. பெரும்பாலோருக்கு வியாபாரக் கடன் என்று ஒரு தொகை எழுதப்பட்டது. சிலர் நூற்பாலைகளுக்கும், கர்நாடகத்துச் சுள்ளியா, கேரளத்துப் புனலூர் முதலிய ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பரம்பரையாகக் கொழுந்து பறித்ததன்றி வேறு தொழில் அறியாத ஒரு குடும்பத்தை, சமவெளிக் கிராமம் ஒன்றில் இறக்கிவிட்டு வியாபாரம் செய்யச் சொன்னால் அது என்ன செய்யும்? கையிலிருந்த காசு கரைந்ததும், குளிரும் தேயிலையும் எங்கே உண்டோ அங்கே போவோம் என்று, உறவினரின் கடிதத்தை நம்பிக் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கூடலூருக்கும் நடுவட்டத்துக்கும் ஏறி வந்தார்கள்.

வந்த இடத்தில் பழைய கதையே புதிய உருவத்தில் எதிர்ப்பட்டது. குடும்ப அட்டையில் கண்ட மறுவாழ்வு உதவிகளெல்லாம் பதிவான மாவட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. கடனின் அடுத்த தவணையும், வீட்டுக்கான மனுவும் அங்கே நிலுவையில் நிற்க, மனிதர் இங்கே மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அங்கே விசாரணைக்குப் போன அதிகாரி, ‘ஆள் இல்லை’ என்று எழுதினார். இங்கே ரேஷன் அட்டை கேட்ட ஆபீசில், ‘உங்கள் பதிவு இங்கே இல்லை’ என்றார்கள்.

“அங்க இந்தியாக்காரின்னாங்க, இங்க சிலோன்காரிங்கிறாங்க. எது எங்க வெலாசம்னு நீங்களே சொல்லுங்க” என்று அந்த அம்மையார் கேட்டபோது, சட்டப் புஸ்தகங்களில் அதற்கு விடை உண்டு என்பது எனக்குத் தெரிந்திருந்தும், சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் காத்திருப்போர்

இதைப் பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்து முகாம்களில் தங்கியவர்களுள் மலையக வம்சத்தினரும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஒப்பந்தப்படி வந்திருந்தால் பாஸ்போர்ட்டோடு பிரஜையாக வந்திருக்க வேண்டிய குடும்பங்களில் சில, கலவரத்தினால் படகேறி வந்த ஒரே காரணத்துக்காகச் சட்ட விரோதமாகக் குடியேறியவர் என்னும் பட்டத்தைச் சுமந்து நிற்கின்றன. 2019 ஜூனில், இத்தகைய 65 பேர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவு கூற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். முகாம்களில் காத்திருப்பு அதனோடு முடிந்துவிடவில்லை. 2021இல் அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. குடியிருப்போரின் நிலையை மாற்றுவதோ மத்திய அரசின் கையில் இருக்கிறது.

இந்தியப் பிரஜா உரிமைக்கான விண்ணப்பம், மனுதாரர் வசிக்கும் மாவட்டத்தின் கலெக்டர் வழியாகவே போக வேண்டும் என்பது விதி. வசிக்கும் மாவட்டம் மாறினால் கோப்பும் மாற வேண்டும். விசாரணை மறுபடியும் தொடங்க வேண்டும். முகாமில் இருப்பவரோ, மகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு முகாமுக்குச் செல்ல வேண்டுமென்றால் அதற்கே அதிகாரிகளின் அனுமதியை நாட வேண்டியவர். கோப்பு நகர்ந்தால் காலம் வீணாகும், நகராவிட்டால் வாழ்வு வீணாகும் என்ற இக்கட்டில் அவர் தவிக்கிறார்.

கடல் கடந்த பேரப்பிள்ளைகள்

இந்த இக்கட்டு முகாம்களோடு நின்றுவிடுவதில்லை. இன்று கோயம்புத்தூரிலும் சென்னையிலும் படித்த நம் பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பசுமை அட்டை போன்ற நிரந்தர வாச உரிமைக்கும் பிரஜா உரிமைக்கும் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கம்பெனி மாறினால் ஊர் மாறுகிறது. குழந்தை பிறந்தால் வீடு மாறுகிறது. அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை இவ்விடத்தில் சொல்லிவைப்பது என் கடமை.

அமெரிக்காவில், சில விலக்குகள் நீங்கலாக, அயல்நாட்டார் ஒவ்வொருவரும் வீடு மாறிய 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.11 என்னும் படிவத்தின் மூலம் புதிய விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கணவன் தெரிவித்தால் மனைவிக்கும் சேர்ந்துவிடும் என்று இருந்துவிடலாகாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். தபால் ஆபீசில் சொல்லி வைத்துவிட்டோம், கடிதங்கள் புது வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்புவதும் பிழை. கைரேகைக்கும் நேர்காணலுக்கும் அழைக்கும் சர்க்கார் கடிதங்களும், பசுமை அட்டையுமே பழைய வாசலிலிருந்து திரும்பிப் போய்விடலாம். நிலுவையிலுள்ள மனுவின் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, அந்த மனுவிலும் விலாசம் மாறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவருக்கோ அவகாசம் 5 நாட்கள்தாம். அந்த நீதிமன்றத்துக்குத் தனியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, அழைப்பு கிடைக்காமல், விசாரணை நாளில் வராதவர்மீது அவர் இல்லாமலே நாடு கடத்தும் உத்தரவு பிறக்கக்கூடும். நம் நாட்டிலேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வீடு மாறியவர்கள், போலீஸ் விசாரணை பழைய வீட்டுக் கதவைத் தட்டித் திரும்பிய அனுபவத்தை அறிவார்கள்.

எந்த நாடாயினும், விலாசம் மாறிய அன்றே எழுத்து மூலம் தெரிவிப்பதும், தெரிவித்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துவதும், பழைய வீட்டாரிடமும் ஒரு சொல் சொல்லிவைப்பதும், வாழ்ந்த இடத்துக்கான வாடகைச் சீட்டு, மின்கட்டண ரசீது முதலியவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்துவைப்பதும் மனுதாரரின் கடமை. நடுவட்டத்து மூதாட்டி பிஸ்கட் டப்பாவில் செய்தது அதைத்தான். கணினியில் கணக்கு வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொள்ளட்டும்.

யார் யாரைத் தேட வேண்டும்?

கணினியும் கைப்பேசியும் உள்ளவனுக்குப் பத்து நாள் அவகாசம் நியாயமானதாக இருக்கலாம். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்வரை தனக்குக் கடிதம் வந்திருப்பதையே அறியாதவனுக்கும், அகதி முகாமின் தகரக் கொட்டகையில் இருப்பவனுக்கும் அதே அளவுகோலைப் பிடிப்பது சமத்துவம் ஆகாது. மனுதாரன் சர்க்காரைத் தேடி வர வேண்டும் என்பது ஒரு வழி. சர்க்கார் மனுதாரனைத் தேடிப் போக வேண்டும் என்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி நடவாத காரியம் என்று சொல்வோருக்கு இலங்கையே விடை கூறியிருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததியாருக்கும் இலங்கைப் பிரஜா உரிமை அளித்தது. ஏழு வருஷம் பத்து வருஷம் என்று ருசுக் கேட்ட அதே தேசத்தில், அதே லயங்களுக்கு நடமாடும் சேவைகள் சென்றன. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் துணை நின்றது. பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேர் பிரஜைகளாயினர். அரை நூற்றாண்டில் தீராதது பத்து நாளில் தீர்ந்ததென்றால், தடையாக நின்றது ஜனங்களின் விலாசமா, ஆட்சியாளரின் மனமா என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம். 2009இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கலவரத்தினால் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தவர்களின் வசிப்பு அறுபட்டதாகக் கொள்ளலாகாது என்னும் நியாயமும் ஏற்கப்பட்டது. ஓடிப்போனவன் ஓட நேர்ந்த காரணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது, அறுபது வருஷத்துக் கண்ணீருக்குக் கிடைத்த பலன்.

நாமும் அவ்வழியே சிந்திக்க வேண்டும். நோட்டீசு மனுதாரன் கையில் சேர்ந்தது நிச்சயமாகத் தெரியாதவரை மனுவைத் தள்ளலாகாது. மனிதன் மாவட்டம் மாறினால் கோப்பு அவன் பின்னே வர வேண்டுமே தவிர, அவன் மறுபடியும் முதல் படியில் நிற்கலாகாது. முகாம்களுக்கு அதிகாரிகளே சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் விசாரித்து, கோப்புகளை ஒரு குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் அசாத்தியமானதன்று.

இவற்றோடு நீலகிரிக்கென்று ஒரு கோரிக்கையும் உண்டு. டான்டீ வீடுகள் கழகத்துக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் காலி செய்ய வேண்டும். 2022இல் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திரும்ப ஒப்படைப்பதென்ற அரசாணை வந்தபோது, கூடலூர், பந்தலூர் வட்டாரத்து லயங்களில் பரவிய கலக்கம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு தேசங்களின் பொருட்டுத் தேயிலை வளர்த்த கைகளுக்கு, ஓய்வு பெறும் நாளிலும் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதவிலக்கம் இல்லை. காட்டைக் காப்பது அவசியமே. காட்டுக்காக வெளியேறச் சொல்லும்போது போக வேண்டிய வீட்டின் சாவியை முன்னதாகவே கையில் கொடுப்பதும் அதே அளவுக்கு அவசியம்.

விடைபெற எழுந்தபோது மழை விட்டிருந்தது. காகிதங்களை வந்த வரிசையிலேயே மடித்து டப்பாவில் வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மையாரிடம், உறையின் முதுகில் நடுவட்டத்து விலாசத்தை மட்டும் ஏன் பென்சிலால் எழுதச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“மகன் அடுத்த வருசம் ரிட்டையர் ஆகிறான் தம்பி. அப்பறம் எங்க போவோமோ! மையில எழுதினா அடிக்கணும், அடிச்சு அடிச்சு அந்த உறையில எடமில்ல” என்றார்.

மையினால் எழுதத் தக்க ஒரு விலாசத்தை அந்த அம்மையாருக்குக் கொடுக்க, இரண்டு நாடுகளின் சர்க்கார்களும் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டன. இனியும் காத்திருக்கும்படி அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.